சுண்டெலிக்குப் பலகைப் பொறி போதும்

சுண்டெலித் தொல்லை உள்ளவர்கள் வாங்க வேண்டியது உள்ளங்கை அளவு, ஸ்பிரிங் வைத்த மரப்பலகைப் பொறிதான். நான் நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு இரும்புக்கடையில் வாங்கினேன், நூறு ரூபாய்கூட ஆகவில்லை. எங்களுடையது தோப்பை ஒட்டிய ஓட்டு வீடு, இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்தால் வெளியே கிடக்கிற சுண்டெலியெல்லாம் அடுக்களைக்குள் வந்துவிடும், அப்புறம் அரிசிச் சாக்கு, நெத்திலிக் கருவாடு, கொப்பரை என்று ஒன்றையும் விடாது.

கம்பிக்கூண்டு பெரிய எலிக்குச் சரி. சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் சந்து கிடைத்தாலே போதும், கம்பிக்கு நடுவே நுழைந்து தேங்காயைத் தின்றுவிட்டுப் போய்விடும். பசை அட்டையோ கொடுமை. மாட்டியது மணிக்கணக்கில் உயிரோடு துடிக்கும், பல்லியும் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்திய விலங்குகள் நல வாரியம் 2011லேயே அதை எதிர்த்துச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

விஷத்தை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனிதர் உடம்புக்குள் போனால் கல்லீரல் கெட்டுவிடும், மாற்றுமருந்தும் கிடையாது. புரோமடியலோன் என்கிற எலிமருந்துக் கட்டியைத் தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் கழித்து ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவில் செத்து நாறும், எடுக்கவும் முடியாது. 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலிமருந்தால் இரண்டு பிஞ்சுகள் போனதைப் படித்த பிறகும் அதை எப்படி வாங்க மனசு வரும்?

பலகைப் பொறிக்கு இரை, தீயில் வாட்டிய தேங்காய்த்துண்டு. சும்மா வைத்தால் மெதுவாகக் கொறித்துவிட்டுத் தப்பிவிடும், அதனால் கொக்கியோடு நூலால் இறுக்கிக் கட்டுங்கள், இழுத்தால்தான் ஸ்பிரிங் விழும். சுண்டெலி சுவரை ஒட்டியே ஓடும், ஆகவே இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வையுங்கள். அதன் நடமாட்டமே கூட்டைச் சுற்றிச் சில மீட்டர்தான். புழுக்கை கிடக்கிற இடங்களிலெல்லாம் ஒரே ராத்திரியில் நாலைந்து பொறி வைத்தால் பலன் சட்டென்று தெரியும். அடி ஒரே நொடியில் விழுந்துவிடுகிறது, இழுத்துப் பறிக்கிற வேதனை இல்லை. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

குறையும் உண்டு. கடற்காற்றில் ஸ்பிரிங் சீக்கிரம் துருப்பிடிக்கிறது, அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். கொக்கி மாட்டும்போது விரல் கவனம், குழந்தையோ பூனையோ இருக்கிற வீட்டில் அலமாரிக்குப் பின்னால் மட்டும் வையுங்கள்.

கூடவே குழாய் நுழைகிற ஓட்டையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை அடைத்து மேலே சிமெண்ட் பூசிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்குப் புதுசாக வந்துகொண்டே இருக்கும். புழுக்கையை வறட்டாகப் பெருக்காமல், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைத்தெடுங்கள்.

பெருச்சாளி வருகிற வீட்டுக்கு இந்தச் சின்னப் பொறி தாங்காது, அதற்குப் பெரிய கூண்டுதான் வாங்க வேண்டும்.