மலையேற்றத்தில் ஹிட்ச் லாக்: இரும்பு நல்லது, சத்தம்தான் கெட்டது

காரின் பின்னால் இழுத்துப்போகும் கேரவனைக் காரோடு கோக்கும் கப்ளருக்கான இந்தப் பூட்டின் விலை இறங்கியதிலிருந்து, “வாங்கலாமா? பூட்டிக்கொண்டே ஏற்காடு ஏறலாமா?” என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒற்றை ஆக்ஸில் சின்னக் கேரவன், 50 மி.மீ. பால் (கப்ளர் உட்காரும், காரின் பின்பக்க இரும்பு உருண்டை), ஓவர்ரன் பிரேக் (கேரவன் முன்னால் தள்ளும் விசையிலேயே பிடிக்கும் பிரேக்). இவை பழகியவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஹிட்ச் லாக் என்ற ஒரே பெயரில் இரண்டு சாமான் விற்கிறார்கள். கப்ளர் குழிக்குள் போலிப் பாலை நுழைத்துப் பூட்டுவது, கேரவனைக் கழற்றி நிறுத்திய பிறகு போடுவதற்கு மட்டும். குழியை அதுவே அடைத்துக்கொள்வதால் அதைப் போட்டுக்கொண்டு இழுக்கவே முடியாது. இழுக்கும்போது போடுவது, கப்ளர் கைப்பிடியின் துளையில் ‘பின்’ என்ற இரும்புக் கம்பி நுழையும் பூட்டு. இங்கே பேசுவது அதைப் பற்றி.

இரும்பில் குறையே சொல்ல முடியாது. ஹாக்ஸா பிளேடு அந்தப் பின்மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. அடிவாரத்தில் டீக்கு நிறுத்திவிட்டுப் போனால் கைப்பிடியை யாரும் தூக்கிப் பார்க்க முடியாது. குலுங்கிக் குலுங்கிக் கைப்பிடி தானாக எழும்பும் பயமும் இல்லை.

ஆனால் அந்த லொடலொட!

பின் 6 மி.மீ. சொச்சம். துளை 8 மி.மீ. எல்லாக் கப்ளருக்கும் பொருந்த வேண்டும் என்று பின்னைச் சிறிதாகவே செய்கிறார்கள், மிச்ச இடைவெளி நம் தலையில். பெங்களூர் நாற்கர சாலையில் டயர் இரைச்சலில் இது காதிலேயே விழாது. மலைப்பாதையில் இரண்டாவது கியரில், கண்ணாடியை இறக்கிவிட்டு ஊர்ந்து போகும்போது 20 கொண்டை ஊசி வளைவுக்கும் கூடவே வரும்.

வெறும் எரிச்சல் என்றால் பாட்டைப் போட்டு அடக்கிவிடலாம். இறக்கத்தில் நம் காது தேடுவது வேறு ஒரு சத்தம். பிரேக் மிதித்ததும் கேரவன் முன்னால் தள்ள, கப்ளர் தலை பின்வாங்கி ஓவர்ரன் ஷாஃப்ட் உள்ளே போகிறது. அந்த அதிர்வைத் தாங்கும் டேம்பர் நன்றாக இருந்தால் அது மெத்தென்று போகும். டேம்பர் போய்விட்டாலோ, பால் தேய்ந்து 49 மி.மீ. வரை வந்துவிட்டாலோ, “டக்” என்று ஒரு அடி கேட்கும். 2 இஞ்ச் பாலுக்கான கப்ளரை 50 மி.மீ. பாலில் மாட்டியிருந்தாலும் அதே அடிதான், 0.8 மி.மீ. வித்தியாசம் அங்கே இருக்கிறது. காதில் விழ வேண்டிய அந்த “டக்”கை இந்த லொடலொட முழுங்கிவிடுகிறது. சந்தேகம் வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி, பூட்டைக் கழற்றி அதன் இடத்தில் சாதாரண கிளிப் பின்னைப் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். அடி அப்போதும் கேட்டால் கோளாறு கப்ளரில்.

சத்தத்தை அடக்க சைக்கிள் டியூப் துண்டைப் பின்னில் சுற்றுவது எல்லோரும் செய்வது. வெயிலில் பிசுபிசுத்துக் கிழிந்துவிடும். சேலத்தில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? பின் தாராளமாக நுழையும் உள்துளையும், கைப்பிடித் துளையில் கையாலேயே தள்ளி நுழைக்கக்கூடிய வெளி அளவும் வைத்து நைலான் புஷ் (சின்னக் குழாய்த் துண்டு) ஒன்று கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். சத்தம் முக்கால்வாசி போய்விடும். பெரிய பின் போடலாம் என்று கைப்பிடித் துளையைப் பெரிதாக்க மட்டும் விடாதீர்கள், கைப்பிடி அந்த இடத்தில் பலம் இழக்கும்.

மாட்டும் வரிசையிலும் கவனம் வேண்டும். கப்ளர் பாலில் உட்கார்ந்து கைப்பிடி விழுந்ததும், கேரவனின் முன்பக்கத்தைத் தாங்கும் ஜாக்கி வீலைச் சுற்றிக் காரின் பின்பக்கத்தை ஓர் இஞ்ச் தூக்கிப் பாருங்கள். கழன்று வராவிட்டால்தான் பூட்டு. பூட்டுகிற மும்முரத்தில் இந்தச் சோதனையை விட்டால், சரியாக உட்காராத கப்ளரைப் பத்திரமாகப் பூட்டி வைத்ததாகிவிடும். சேஃப்டி செயினைக் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும். கேரவன் கழன்றுபோனால் அதன் பிரேக்கை இழுத்துவிடும் பிரேக்அவே கேபிளையும் மாட்ட வேண்டும். இவற்றுக்குப் பூட்டு மாற்று ஆகாது.

ஏறுவதற்கு முன் சமதளத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக நகர்த்தி, இன்னொருவரைப் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டின் தலை பம்பரைத் தொடுகிறதா, தொய்ந்த செயின் அதில் மாட்டுகிறதா, ஷாஃப்ட் உள்ளே போகும்போது அதை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர் உறையான பெல்லோஸில் பூட்டு உரசுகிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். பெல்லோஸ் கிழிந்தால் தண்ணீர் நேராக ஷாஃப்டுக்குப் போகும்.

சாவித்துளைக்குச் சேர்வராயன் செம்மண் சேறு எமன். துளை கீழே பார்க்க மாட்டுங்கள், ரப்பர் மூடி தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிக் களியாகிவிடும், கிராஃபைட் பவுடர்தான் சரி. சாவி டிரைவர் பையில் இருக்கட்டும். ஏற்றத்தில் கார் நின்றுபோனால் கேரவனைக் கழற்றித்தான் ஒதுக்க வேண்டும், அப்போது கேரவன் டிராயரில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

திருட்டுக்கு இது நல்ல பூட்டு, சந்தேகமில்லை. நிறுத்தும் இடங்களில் போட்டுக்கொள்ளலாம். மலையில் இழுக்கும்போதும் போடுவதற்கென்று கேட்டால், நான் வாங்கச் சொல்லமாட்டேன். இரண்டு ரூபாய் நைலான் துண்டைப் பெட்டிக்குள் சேர்த்துப் போட மனசு வராத கம்பெனிக்கு எதற்குக் காசு? அப்படியும் வேண்டும் என்பவர்கள் வெர்னியர் அளவுகோலால் கைப்பிடித் துளையை முதலில் அளந்துகொள்ளுங்கள். 6.5 மி.மீ.யை ஒட்டி இருந்தால் புஷ்ஷே தேவைப்படாது.