கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எழுதியது நான்தான்

மரக்கட்டைகளை மேலும் கீழும் நகர்த்தி, நடுவில் சிக்கிய சிவப்புக் கட்டையை வெளியே எடுக்கும் ஒரு மொபைல் கேமுக்கு ஐந்து ஸ்டார் போட்டு நாலு வரி புகழ்ந்தும் எழுதியிருந்தேன். "விளம்பரத் தொல்லை கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்பது கடைசி வரி. அதில் கண்ணை மூடிக்கொண்டு என்ற பகுதி மட்டும்தான் இன்றைக்கும் உண்மை.

அந்த விமர்சனத்தை மாற்றிவிட்டேன். ஆனால் அதை ஏற்கெனவே படித்துவிட்டு இறக்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், விலை குறைந்த கேம்களைப் பற்றி என்னைப் போல எழுதிக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இந்தப் பதிவு. கேமின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு வருடத்துக்குள் கேமின் பெயரும் மாறிவிட்டது, அதை வைத்திருக்கும் நிறுவனமும் மாறிவிட்டது. நான் சொன்ன பெயரைத் தேடிக்கொண்டு நீங்கள் போவதற்குள் பலகையை இன்னொரு முறை மாற்றி மாட்டியிருப்பார்கள்.

சின்னத் தொகைக்கு வருகிற கேம்களை வாங்கி விளையாடி, நாலைந்து வரி எழுதிப் போடுவது என் பல வருடப் பழக்கம். இலவசத்தின் பக்கம் போகாதீர்கள், கொஞ்சம் காசு கொடுத்து வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். 2014இல் கண்டதுதான் அதற்குக் காரணம். அந்த பிப்ரவரியில் 'த்ரீஸ்' என்ற எண் புதிர் வந்தது. ஒரு சிறு குழு ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்து செய்தது, காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சில வாரங்களிலேயே அதன் சாயலில் இலவச கேம்கள் வரத் தொடங்கின. மார்ச்சில் கேப்ரியேல் சிருல்லி என்ற இளைஞர் ஒரு வார இறுதியில் எழுதிய '2048' உலகம் முழுக்கப் பரவியது. அவர் காசு பார்க்க நினைக்கவில்லை, நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்தே வைத்தார். அதை எடுத்து, நடுவில் விளம்பரத்தைச் சொருகி, அதே பெயரில் ஸ்டோரில் ஏற்றியவர்கள் எத்தனையோ பேர். மூலத்துக்கு உழைத்தவன் விலை வைக்கிறான், நகல் எடுத்தவன் இலவசம் என்கிறான் என்று அன்றைக்கு என் மனதில் பதிந்தது பதிந்ததுதான். காசு கேட்டால் அது யோக்கியமான கேம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இன்னொரு கெட்ட பழக்கமும் எனக்கு உண்டு. கேமில் ஏதாவது குறை கண்டால், "இந்த விலைக்கு இது போதும்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். விலையைக் காரணம் காட்டி நானே வக்கீலாகிவிடுவது.

சரி, கட்டை கேமுக்கு வருகிறேன். தொடக்கத்தில் உண்மையிலேயே நன்றாக இருந்தது. சத்தமில்லை, நேரக்கெடு இல்லை, இணையமும் வேண்டாம். தூக்கம் வராத இரவுகளில் பத்து லெவல் ஆடிவிட்டுப் படுத்தால் மனம் அடங்கிவிடும். எட்டாவது லெவல் முடிந்ததும் திரையில் ஒரு சிரித்த முகமும் ஒரு வாடிய முகமும் வந்தன. "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டது. சிரித்த முகத்தைத் தொட்டேன். உடனே ஸ்டார் பெட்டி வந்தது. மொத்தம் கால் மணி நேரம்கூட ஆடியிருக்க மாட்டேன், ஐந்தைப் போட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஓர் அப்டேட் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு விளம்பரம். காசு கொடுத்து வாங்கிய கேமில் ஏன் விளம்பரம் என்று ஸ்டோர் பக்கத்துக்குப் போனால், டெவலப்பர் பெயர் வேறாக இருந்தது. விலையும் இல்லை. கேமை இலவசமாக்கிவிட்டார்கள். கேமை ஒருவர் இன்னொருவருக்கு விற்பதற்கு ஆப் ஸ்டோர், பிளே ஸ்டோர் இரண்டிலுமே வழி இருக்கிறது. அப்படிக் கைமாறும்போது கூடவே போவது என்ன தெரியுமா? பழைய ஸ்டார்கள், பழைய விமர்சனங்கள் எல்லாம். வீட்டை விற்றால் நிலைக்கதவும் சேர்ந்து போவது மாதிரி. நான் புகழ்ந்து எழுதிய நாலு வரி, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய சொத்தாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் அது உட்கார்ந்திருந்தது.

விளம்பரத்தை மூடவும் முடியவில்லை. மூலையில் இருக்கும் பெருக்கல் குறி நகக்கண் அளவுதான். அதைத் தொடப் போனால் விரல் விளம்பரத்தின் மேல் பட்டு வேறு எங்கோ கொண்டுபோய் விடும். முழுத்திரை விளம்பரத்தை 15 விநாடிக்குப் பிறகாவது மூட முடிய வேண்டும் என்று 2022 முதல் கூகுள் விதி வைத்திருக்கிறது. நான் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், 30 விநாடி ஓடியது. அதற்கும் ஒரு தந்திரம். பரிசுக்காக நாமே விரும்பிப் பார்க்கும் விளம்பரத்துக்கு அந்த 15 விநாடிக் கணக்கு கிடையாது. அதனால் "இரண்டு நாணயம் வேண்டுமா?" என்று ஒரு பெட்டி வரும். வேண்டும் என்பது பெரிய பச்சைப் பட்டன். வேண்டாம் என்பது வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து. தூக்கக் கலக்கத்தில் எது கண்ணில் படும்?

அறுபதாவது லெவலைத் தாண்டியதும், அடுத்து எந்தக் கட்டையை நகர்த்துவது என்ற குறிப்பைக் கேமிடம் வாங்காமல் நகரவே முடியவில்லை. எரிச்சலில் "விளம்பரம் நீக்கு" என்பதைத் தொட்டேன். முன்னே ஒரு தடவை காசு கொடுத்தாயிற்று, இன்னொரு தடவை கொடுத்துத் தொலைப்போம் என்று நினைத்தேன். திரை நிறைய "3 நாள் இலவசம், தொடர்க" என்று இருந்தது. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாத அளவில், வாரந்தோறும் ஒரு தொகை. ஒரே தடவை கட்டுகிற காசு என்று நினைத்தேன், அது வாரச் சந்தா. ஸ்டோரில் பணம் கட்டும்போது வருகிற பெட்டியிலும் 'வாரத்துக்கு' என்ற சொல் இருந்திருக்கும். இல்லை என்று நான் சொல்லவில்லை. விரலை வைத்தேன், முடிந்தது.

இது போன்ற வேலைக்கு ஆங்கிலத்தில் 'ஃப்ளீஸ்வேர்' என்று பெயர். சோஃபோஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2019இல் வைத்தது. ஆட்டின் ரோமத்தை ஒட்டச் சிரைப்பது என்ற பொருளில் வருகிற சொல். பெயர் வைத்தவர்களுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. அதில் வைரஸ் எதுவும் இருக்காது, போனைக் கெடுக்காது. அதனால் வைரஸ் தேடும் ஆப்களிலும் பிடிபடாது. அற்ப வசதிக்கு வாராவாரம் பணம் பிடித்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

விளம்பரம் போனது. விளையாட்டின் ருசியும் போய்விட்டதால் இரண்டு நாளில் கேமையே அழித்துவிட்டேன். அழித்தால் கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியாது. கேமை அழிப்பது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. மூன்று தடவை பணம் போன பிறகுதான் கவனித்தேன். சின்னத் தொகை என்பதால் மற்ற செலவுகளுக்கு நடுவே அது கண்ணில் படவே இல்லை. பெரிய தொகையாக இருந்திருந்தால் முதல் நாளே கத்தியிருப்பேன். அவர்களுக்கும் அது தெரியும்.

பணத்தைத் திரும்பக் கேட்ட கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். கூகுளிடம் நேராகக் கேட்க 48 மணி நேரக் கெடு. கடைசியாகப் போன தொகை அதற்குள் இருந்ததால் அது மட்டும் திரும்பி வந்தது. மற்ற இரண்டுக்கும் டெவலப்பரைக் கேளுங்கள் என்றார்கள். டெவலப்பருக்கு நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்குக்கும் ஒரே பதில், கமாகூட மாறவில்லை: "உங்கள் கருத்துக்கு நன்றி. எங்கள் விளையாட்டை ரசிப்பீர்கள் என நம்புகிறோம்."

அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை பேர் ஏமாந்திருந்தால் எப்படி இன்னும் நாலரை ஸ்டார் நிற்கிறது? கேமை மறுபடி இறக்கி, எட்டாவது லெவல் வரை ஆடி, இந்தத் தடவை வாடிய முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்டார் பெட்டி வரவில்லை. "என்ன குறை என்று எங்களுக்கு எழுதுங்கள்" என்று ஒரு படிவம் வந்தது. சிரிப்பவன் ஸ்டோருக்குப் போகிறான், முகம் சுளிப்பவன் குப்பைத் தொட்டிக்குப் போகிறான். ஸ்டார் கேட்பதற்கு முன்னால் "பிடித்திருக்கிறதா" என்று கேட்கவே கூடாது என்று கூகுளின் வழிகாட்டுதலில் இருக்கிறது. இருந்து என்ன?

என் விமர்சனத்தை ஒரு ஸ்டாராக மாற்றி நடந்ததை எழுதினேன். ஒரு மணி நேரத்தில் நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. பணம் கேட்டபோது இந்த வேகத்தைக் காணோம். "ஐந்து ஸ்டாராக மாற்றினால் உங்கள் பிரச்சினையை முன்னுரிமையோடு பார்ப்போம்" என்று இருந்தது. மாற்றவில்லை.

இப்போது எந்த கேமானாலும் விமர்சனங்களைப் புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தித்தான் படிக்கிறேன். பழைய ஐந்து ஸ்டார் பழைய கேமுக்குப் போட்டது. ஆப் ஸ்டோரில் என்றால் பக்கத்தின் கீழே உள்ளே விற்கிற பொருள்களின் பட்டியல் இருக்கும். அதில் 'வாரம்' என்ற சொல் கண்ணில் பட்டால் அங்கேயே திரும்பிவிடுவேன். புதிர் விளையாட்டுக்கு எதற்கு ஐயா வாரச் சந்தா? எழுதும்போதும் எந்தப் பதிப்பை, எத்தனை நாள் ஆடினேன் என்பதைச் சேர்த்து எழுதுகிறேன். "இந்த விலைக்கு இது போதும்" என்பதை விட்டுவிட்டேன்.

போன வாரம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தானாகவே பேச்சை எடுத்தார். "நீங்க எழுதினதைப் பார்த்துட்டுதான் சார் அந்தக் கட்டை கேமை இறக்கினேன். ஒரே விளம்பரம். காசு கட்டி நிறுத்தினேன், அப்புறம் அதுவும் பிடிக்கலை, டெலீட் பண்ணிட்டேன்."

போனை வாங்கி, பிளே ஸ்டோரில் அவருடைய படத்தைத் தொட்டு, 'பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற பகுதியைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். ஐபோனில் என்றால் செட்டிங்ஸில் மேலே நம் பெயரைத் தொட்டால் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' இருக்கும்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நாளைக்கு அடுத்த தவணைன்னு போட்டிருக்கே சார்" என்றார்.