வினாகிரி போட 'செட்' வாங்குகிறவர்கள் கவனம்: உவர்மலையில் நான் இழந்த 46,500 ரூபா

திருகோணமலைப் பக்கம் வீட்டுத் தொழிலாக வினாகிரி போட நினைக்கிறவர்கள் யாருக்கும் காசு கொடுக்கும் முன் இதை ஒருதடவை வாசியுங்கள். "ட்ரம், டெப், ஈஸ்ட், தாய் (வினாகிரியைப் புளிக்கவைக்கிற பக்டீரியா ஆடை) எல்லாம் ஒரே செட்" என்று வீட்டுக்கே கொண்டுவந்து பொருத்தித் தருகிற ஒருவரிடம் நான் 46,500 ரூபா கொடுத்து ஏமாந்தேன். காசு போனது ஒருபக்கம். அந்த டெப்பால் வடிந்ததை அச்சாறில் ஊற்றிக் கடைகளுக்குக் கொடுக்க இருந்தேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

நான் அச்சாறு போட்டு டவுனில் ஐந்தாறு கடைகளுக்குக் கொடுக்கிறேன். எங்கள் வீடு உவர்மலைச் சரிவில். முன்வாசல் வீதி மட்டத்தில் இருக்கும். பின்பக்கம் படி இறங்கினால் பாதி மண்ணுக்குள் போன மாதிரி ஒரு கீழறை, பழைய சாமான் போட்டு வைத்த இடம். கச்சான் காற்று வீசி மேல்வீடு அனலாக இருக்கும் நாளிலும் அங்கே குளிர்ச்சி இருக்கும். உப்புவெளியில் தெரிந்த சாப்பாட்டுக் கடை ஒன்றில் தினமும் தேங்காய் உடைத்துத் தண்ணீரைக் கானில் ஊற்றுகிறார்கள். அதைக் காலையிலேயே எடுத்து, சீனி போட்டுக் காய்ச்சி, நொதிக்க வைத்தால் எனக்கு வேண்டிய வினாகிரி வீட்டிலேயே கிடைக்கும். அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பலகைத் தட்டு போட்டு, ட்ரம் தேடும்போதுதான் இவருடைய நம்பர் கிடைத்தது.

ஆட்டோவில் மூன்று நீல ட்ரம் வந்தது, ஒவ்வொன்றும் 60 லீற்றர். டெப் பொருத்தியே இருந்தது. "இது ஸ்டெயின்லெஸ்தானே தம்பி?" என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து டெப்பில் வைத்தார். "ஒட்டுதா அக்கா? ஒட்டாது. அசல் சாமான்" என்றார். எனக்கும் அது போதுமாக இருந்தது.

பித்தளையிலும் காந்தம் ஒட்டாது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

பழ ஈ வரும், ஜன்னலைப் பொலித்தீனால் மூடிவிடுங்கள் என்று போகும்போது சொன்னார். மூடினேன். மூன்று ட்ரம்முக்கும் சேர்த்து 12 கிலோ சீனி போட்டிருந்தேன். நாலாம் நாள் கீழே போய்க் குனிந்து தட்டுக்கு அடியில் துடைக்கும்போது மூச்சு வாங்கியது, தலை சுற்றியது. மகன் ஓடிவந்து பொலித்தீனைக் கிழித்தான். ஒரு கிலோ சீனி முழுதாக நொதித்தால் கிட்டத்தட்ட அரைக் கிலோ காபனீரொட்சைட்டு வரும். அது காற்றைவிடப் பாரமானது, தாழ்ந்த அறையில் கீழேதான் தேங்கும். கீழறையில் நொதிக்க வைக்கிறவர்கள் ஜன்னலை ஒருநாளும் அடைக்க வேண்டாம், ஈக்கு வலை அடியுங்கள். வினாகிரிக்கும் காற்று வேண்டும். அற்ககோலைப் புளிப்பாக்குகிற பக்டீரியா காற்றில்லாமல் வேலை செய்யாது.

'தாய்' என்று அவர் தந்த போத்தலில் தெளிந்த தண்ணீர் மாதிரி ஒன்றுதான் இருந்தது. கடையில் விற்கிற செயற்கை வினாகிரி, அதாவது தண்ணீர் கலந்த அசற்றிக் அமிலம் என்றுதான் நினைக்கிறேன். அதில் உயிருள்ள எதுவும் இல்லை. ஊற்றியதும் புளித்தது, நான் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் கிழமை ருசி பார்க்க ஒரு வெள்ளைக் கோப்பையில் பிடித்தேன். முதலில் வந்த கொஞ்சம் வெளிர் பச்சையாக இருந்தது. பாசி என்று நினைத்து டெப்பின் வாயை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் நீலமும் பச்சையுமாக ஒரு வட்டம் பதிந்தது. டெப்பைக் கழற்றிப் பார்த்தால் உட்பக்கத்து முலாம் செதில் செதிலாக உரிந்து, கீழே மஞ்சள். பித்தளையில் செம்பு இருக்கிறது, வினாகிரி அதைக் கரைத்துவிடும். அந்தச் செம்பு உப்பு வயிற்றுக்குள் போனால் குமட்டும், வாந்தி வரும். கோப்பையை வாயில் வைக்காதது என் நல்ல காலம். மூன்று ட்ரம்மில் இருந்ததையும் கொட்டினேன்.

பிறகு ட்ரம்மையும் சந்தேகப்பட்டேன். கொதிநீர் ஊற்றி மூடி வைத்து, காலையில் திறந்தால் பெயின்ட் கடை வாசனை. அடியில் வார்ப்பிலேயே ஒரு சின்ன வட்டமும் அம்புக்குறியும் இருக்கும், அது செய்த மாதமும் வருடமும். 'புதுசு' என்று வாங்கியதில் 2016 என்று இருந்தது. பக்கத்தில் 1எச்2 என்று தொடங்கும் ஐ.நா. குறியீடு. அது ஆபத்தான இரசாயனம் ஏற்றவும் தகுதியான ட்ரம் என்பதற்கான அடையாளம். அந்தக் குறி இருந்தால் எல்லாமே கெட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் முன்பு என்ன இருந்தது என்று தெரியாத ட்ரம்மைச் சாப்பாட்டுக்கு எடுக்கவே கூடாது. பிளாஸ்டிக் வாசனையையும் எண்ணெயையும் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், எத்தனை தரம் கழுவினாலும் போகாது.

இன்னொன்று. "இதே செட்டில் பியரும் வைனும் போடலாம், நிலாவெளி ஹோட்டல்களுக்குக் கொடுக்கலாம்" என்றும் சொல்லியிருந்தார். நம்பி இறங்காதீர்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். வினாகிரியிலும் இடையில் அற்ககோல் உண்டாகும் என்பதால், தொடங்கும் முன் மதுவரித் திணைக்களத்திலும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டுவிடுங்கள்.

கோல் எடுத்தேன். "நீங்கள் சரியாகக் கழுவியிருக்க மாட்டீங்கள் அக்கா" என்றார். விடாமல் கேட்டதும், மூன்றில் ஒரு பங்கு விலைக்கு ட்ரம்மைத் திருப்பி எடுக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு என் நம்பருக்குப் பதில் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு எடுக்கலாம்தான், ஆனால் என் கையில் இருப்பது கொப்பித் தாளில் 'செட் 46,500' என்று எழுதிய ஒரு துண்டு. பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பில் கேட்க வெட்கப்பட்டது என் பிழை.

இப்போது அகன்ற வாய்க் கண்ணாடிப் போத்தல் ஆறு வைத்திருக்கிறேன். டெப்பே கிடையாது, புது ரப்பர் குழாயால் வடிக்கிறேன். தம்பலகாமத்தில் ஒரு மாமி ஜெலி மாதிரி ஆடை படர்ந்த அசல் தாயை ஹோர்லிக்ஸ் போத்தலில் தந்தார். எல்லாமாக அந்தச் செட்காரருக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

ட்ரம்களை அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த கிழமை வேறொரு வீட்டுக்குப் புதுசாகப் போகும். மூன்றின் அடியிலும் துளை போட்டு, மண் நிரப்பி, செவ்வரத்தை நட்டிருக்கிறேன்.