வீட்டில் அரைத்த சீயக்காய்த்தூள்: வருடக்கணக்கில் தேய்த்தால் என்ன ஆகும்?

சீயக்காயை விட்டுவிட்டு ஷாம்புவுக்குத் திரும்பியவர்களைக் கேட்டால் மூன்று குறை சொல்வார்கள். முடி வைக்கோல் மாதிரி ஆகிறது, திப்பி தலையிலேயே தங்குகிறது, கண் எரிகிறது. மூன்றும் உண்மைதான். பெரும்பாலும் அரைப்பிலும் தேய்ப்பிலும் நேரும் தவறுகள் இவை.

ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், 100 கிராம் பூலாங்கிழங்கு, இரண்டு கைப்பிடி காய்ந்த செம்பருத்திப் பூ போதும். பூந்திக்கொட்டை சேர்த்தால் நுரை கூடும். கூடவே முடியின் எண்ணெய்ப்பசையையும் ஒட்ட இழுத்துவிடும். வறண்ட முடிக்காரர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். சீயக்காயை ஒடித்தால் சட்டென முறிய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, அரைத்த தூள் கட்டி தட்டும். மில்லில் அரைத்து வந்த தூளைச் சூடு ஆற விரித்து, மைதா சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். அந்த நெடி தும்மலைக் கிளப்பும், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். திப்பிப் பிரச்சினை இந்தச் சலிப்போடு முக்கால்வாசி தீர்ந்துவிடும். சல்லடையில் நின்ற திப்பி எண்ணெய்ப் பாத்திரம் துலக்க ஆகும்.

தோள்வரை முடிக்கு ஒன்றரை மேசைக்கரண்டி, இடுப்புவரை என்றால் மூன்று. தண்ணீரை விட வடிகஞ்சியில் கரைப்பதே மேல். கஞ்சியின் வழவழப்பில் தூள் முடியில் சிக்காமல் வழுக்கி இறங்கும். தோசை மாவை விட நீர்க்கக் கரைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, மண்டையில் விரல் நுனியால் தேயுங்கள். நுனி முடிக்கு வழிந்து வருவதே போதும். அலசும்போது தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுங்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குச் சீயக்காயே வேண்டாம், பயத்தமாவு போதும்.

எண்ணெய் வைக்காத தலைக்குச் சீயக்காய் போடுவதுதான் வைக்கோல் முடிக்கு முதல் காரணம். சீயக்காயில் உள்ள சப்போனின் எண்ணெயை எடுக்கும் பொருள். எடுக்க எண்ணெய் இல்லாவிட்டால் முடியின் சொந்தப் பசையை எடுத்துவிடும். முந்தின இரவோ, குளிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்போ, முடியின் நீளத்துக்கு இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் ஊறக்கூடியது. அதனால் குளிக்கும்போது முடி தண்ணீர் குடித்து உப்புவதும், புரதம் இழப்பதும் குறைகின்றன. சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல் என்றால் சீயக்காயை இரண்டு முறை போட வேண்டியிருக்கும்.

ஷாம்புவிலிருந்து மாறிய முதல் சில குளியலில் முடி சொரசொரக்கும். கண்டிஷனர் பூசி வைத்திருந்த சிலிக்கோன் பளபளப்பு கழிகிறது, அவ்வளவுதான். ஒரு மாதமாவது பொறுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு செ.மீ. வளர்கிறது. ஒரு வருடம் ஒழுங்காகப் பராமரித்தால், அந்தப் பலனை முழுதாகப் பெறுவது வேரிலிருந்து 12 செ.மீ. வரைதான். 60 செ.மீ. முடியின் நுனிக்கு வயது ஐந்து வருடம். அங்கே பிளந்ததை எந்தத் தூளும் ஒட்டவைக்காது, வெட்டத்தான் வேண்டும்.

ஈர முடியைத் துண்டால் அடித்து உலர்த்தும் பழக்கத்தையும் விடுங்கள். ஈரத்தில் முடி இழுபடும், எளிதில் அறும். பழைய பருத்தித் துண்டில் ஒற்றி எடுத்து, முக்கால்வாசி காய்ந்தபின் பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

பொடுகுக்குச் சீயக்காயை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பொடுகைத் தூண்டும் பூஞ்சைக்கு எண்ணெய் தீனி. பொடுகு இருக்கும் நாட்களில் மண்டையில் எண்ணெய் வைக்காமல், பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை நான்கு வாரம்வரை போடுவதே சரி. நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. பிரசவமாகி இரண்டு மூன்று மாதத்தில் கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானே நிற்கும். வேறு காரணம் தெரியாமல் கொட்டினால் தூளை மாற்றிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு மூன்றையும் பார்த்துவிடலாம்.

தூளை எவர்சில்வர் டப்பாவில் ஒரு துண்டு வசம்போடு போட்டு வையுங்கள். ஈரக் கரண்டி பட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.