கேப்ஸ் லாக்கை எங்கே மாற்றுவது? லினக்ஸில் விசை மாற்றத்துக்கு நான்கு வழிகள்

ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகி, விசை அழுத்தங்களை அப்படியே காட்டும் ‘ஈவிடெஸ்ட்’ நிரலை ஓடவிட்டு, கேப்ஸ் லாக்கை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். முதலில் 70039 என்று வரும், அடுத்த வரியில் 58. முன்னது கீபோர்டு அனுப்பிய ஸ்கேன்கோடு, பதினறும எண்ணில். பின்னது லினக்ஸின் மையமான கெர்னல் அதற்குக் கொடுத்த கீகோடு. திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ் சர்வருக்குப் போனதும் இந்த 58, 66 ஆகிவிடும், ஏனென்றால் எக்ஸ் 8 கூட்டிக்கொள்கிறது. அதற்கு அப்புறம்தான் கீசிம், அதாவது ‘இது கேப்ஸ் லாக்’ என்ற பொருள், வந்து சேர்கிறது.

விசையை மாற்றும் ஃபங்ஷன்கள் இந்தப் பாதையில் ஆளுக்கொரு இடத்தில் கைவைக்கின்றன. அதனால் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை வராது. கோளாறு எந்த இடத்தில் என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடிமட்டத்தில் இருப்பவை ஈவிஐஓசிஜிகீகோட், ஈவிஐஓசிஎஸ்கீகோட் என்ற கெர்னல் அழைப்புகள். ‘ஜி’ உள்ளது படிக்க, ‘எஸ்’ உள்ளது மாற்ற. கீபோர்டுக்கான சாதனக் கோப்பைத் திறந்து, ஸ்கேன்கோடு, கீகோடு என்று இரண்டே எண்களைக் கொடுத்தால் வேலை முடிந்தது. 70039-க்கு நேராக 29 என்று எழுதுங்கள், கேப்ஸ் லாக் அந்த நொடியே இடது கன்ட்ரோல் ஆகிவிடும். கன்சோல், எக்ஸ், எக்ஸின் இடத்தைப் பிடித்துவரும் வேலாண்ட் என்று எங்கே போனாலும் அப்படித்தான். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. கெர்னல் இதில் காட்டும் அக்கறையும் பிடிக்கும்: நீங்கள் மாற்றும் நேரத்தில் பழைய விசை அழுத்தப்பட்டிருந்து, புது வரைபடத்தில் அந்தக் கீகோடே இல்லாமல் போனால், ‘விசை விடப்பட்டது’ என்ற செய்தியைக் கெர்னலே அனுப்பிவிடும். விசை மாட்டிக்கொண்டு நிற்காது.

பழைய வடிவத்தில் ஸ்கேன்கோடுக்கு 32 பிட்தான் இடம். ரிமோட் கன்ட்ரோல் போன்றவற்றுக்கு அது போதாமல் போகலாம் என்பதால், 2011 ஜனவரியில் வந்த 2.6.37 கெர்னலில் ‘வி2’ வடிவம் சேர்ந்தது. அதில் ஸ்கேன்கோடுக்கு 32 பைட் வரை இடம் உண்டு. அதைவிடப் பெரிய வசதி, ஸ்கேன்கோடு தெரியாமலே வரிசை எண்ணை வைத்துப் படிக்கலாம். 0, 1, 2 என்று ஏற்றிக்கொண்டே போய், பிழை திரும்பும் இடத்தில் நிறுத்தினால் முழு வரைபடமும் கையில். இன்று புதிதாக எழுதுபவர்கள் வி2-வையே பிடித்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. சாதனக் கோப்பைத் திறக்க அனுமதி வேண்டும். கீபோர்டைப் பிடுங்கிச் செருகினால் மாற்றம் போய்விடும். அதற்குத்தான், சாதனங்கள் வந்து போவதைக் கவனிக்கும் யூடெவின் ஹெச்டபிள்யூடிபி என்ற சாதனத் தகவல் தொகுப்பு இருக்கிறது. அதில் ஒரு வரி எழுதி வைத்தால், சாதனம் வரும்போதெல்லாம் யூடெவ் இதே ஈவிஐஓசிஎஸ்கீகோட்டை நமக்காக அழைக்கும். இன்னொன்று பலரைச் சுற்றவிட்டது. எக்ஸில் கீகோடு 255-ஐத் தாண்டாது. மைக் மியூட்டின் எண் 248, எட்டைக் கூட்டினால் 256. ஈவிடெஸ்டில் விசை ஒழுங்காக வரும், எக்ஸில் மூச்சே இருக்காது. அதனால்தான் பல லேப்டாப்களின் மைக் விசையை எஃப்20 என்று மாற்றி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது எக்ஸின் பழைய ஜோடி: எக்ஸ்கெட்கீபோர்டுமேப்பிங், எக்ஸ்சேஞ்ச்கீபோர்டுமேப்பிங். எக்ஸ்மாட்மேப் என்ற கட்டளை செய்வது இதைத்தான். படிக்க மட்டும் என்றால் பரவாயில்லை. மாற்றுவதற்கு இன்று இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களுக்கும் அறிவிப்பு போகிறது. கன்ட்ரோல் மாதிரி விசை என்றால் கீசிம் மாற்றினால் மட்டும் போதாது, எக்ஸ்செட்மாடிஃபையர்மேப்பிங்கையும் அழைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து யாராவது அந்த விசையை அழுத்தியிருந்தால் ‘பிஸி’ என்று திரும்பிவிடும். இன்னொரு கீபோர்டைச் செருகினாலோ, செய்ததெல்லாம் போச்சு.

1996-இல் எக்ஸ்11 ஆர்6.1-உடன் வந்த எக்ஸ்கேபி என்ற கீபோர்டு நீட்டிப்பு இதற்கு நல்ல மாற்று. ஒரு விசைக்கு ஷிஃப்டுக்கு ஒன்று, ஆல்ட்-ஜிஆருக்கு ஒன்று என்று பல அடுக்கு, அதற்கு மேல் நான்கு குழு என்று முழு மொழியையே வைக்கலாம். எக்ஸில் எக்ஸ்கேபிகெட்மேப், எக்ஸ்கேபிசெட்மேப் உண்டு. வேலாண்டில் வரைபடத்தை, ஜன்னல்களைத் திரையில் அடுக்கும் கம்பாசிட்டர்தான் அனுப்பும், சாதாரண நிரல் படிக்கலாம், மாற்ற முடியாது. என் பார்வையில் அது சரியான முடிவு. ஏதோ ஒரு நிரல் என் எல்லா விசைகளையும் மாற்றும் உரிமை எதற்கு?

எக்ஸ்கேபியின் எல்லையைத் தமிழில் தட்டச்சு செய்பவர்கள் உடனே உணர்வார்கள். தமிழ்99-இல் ‘அம்மா’ எழுத அ, ம, ம, ஆ என்று தட்டுகிறோம். முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். முந்தின எழுத்து எது என்ற நினைவு இருந்தால்தான் அது நடக்கும். விசை வரைபடத்துக்கு அந்த நினைவு கிடையாது. அதற்கு ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறைதான் வழி. வரைபடத்தைத் திருத்தித் திருத்தி இதைச் சாதிக்கப் பார்ப்பது வீண் உழைப்பு.

கடைசி வழி, ஈவிஐஓசிகிராப் போட்டு கீபோர்டை முழுசாகப் பிடித்து, கெர்னலின் யூஇன்புட் மூலம் மென்பொருளிலேயே புது கீபோர்டு ஒன்றை உருவாக்கி அனுப்புவது. தட்டினால் எஸ்கேப், பிடித்துக்கொண்டால் கன்ட்ரோல் என்பதெல்லாம் இங்கேதான் முடியும். ஆனால் பொறுப்பு முழுக்க உங்களுடையது. நிரல் செத்துவிட்டால் கீபோர்டு திரும்பக் கிடைக்கும், உறைந்துவிட்டால் கிடைக்காது.

முதல் தடவை இப்படியொரு நிரலை நான் எழுதியபோது, டெர்மினலில் கட்டளையைத் தட்டி என்டர் அழுத்தினேன். அவ்வளவுதான், காலி வரிகள் நிற்காமல் ஓட ஆரம்பித்தன. என்டரை அழுத்திய செய்தி டெர்மினலுக்குப் போய்விட்டது. விரலை எடுப்பதற்குள் என் நிரல் கீபோர்டைப் பிடித்துக்கொண்டதால், விட்ட செய்தி என்னிடம் வந்து சேர்ந்தது. இப்போது கிராப் போடும் முன், எந்தெந்த விசை அழுத்தியிருக்கிறது என்று சொல்லும் ஈவிஐஓசிஜிகீயை அழைத்து, அழுத்திய விசை ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் பிடிக்கிறேன்.

என் மேசையில் கேப்ஸ் லாக் ஹெச்டபிள்யூடிபி வரி ஒன்றில் கன்ட்ரோல் ஆகிறது, தமிழை ஐபஸ் பார்த்துக்கொள்கிறது. கிராப் நிரலை எஸ்கேப்புக்காக மட்டும் வைத்திருக்கிறேன், அதுவும் பக்கத்தில் இரண்டாவது கீபோர்டு ஒன்றைச் செருகி வைத்துக்கொண்டு.