9 எம்.எம்., .40, .45: வீட்டுப் பாதுகாப்புக்கு நாங்கள் எதை எடுத்தோம், ஏன்?

வீட்டுப் பாதுகாப்புக்கு ஒரு பிஸ்டல் என்று நானும் மனைவியும் முடிவெடுத்தபோது எந்தக் கம்பெனி என்பதில் பெரிய குழப்பம் இல்லை. காலிபரில்தான், அதாவது குண்டின் விட்டத்தில்தான் (.40, .45 என்பவை அங்குலக் கணக்கு), ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். என்னோடு வேலை பார்க்கும் முன்னாள் ராணுவக்காரர் .45-க்குக் குறைந்த எதையும் துப்பாக்கி என்றே ஒத்துக்கொள்ளமாட்டார். தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் .40 கட்சி. கடைக்காரர் யோசிக்காமல் 9 எம்.எம். பக்கம் கையைக் காட்டினார். டெக்சஸில் இந்த விஷயத்தில் கருத்து இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். நாங்கள் வாங்கியது 9 எம்.எம்.; ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தொடங்கும் முன் நம்மவர்களுக்கு ஒன்று. ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்திய அரசின் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம். ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வரும் அப்பாவிடம் ஆசைக்கு ஒருமுறை சுட்டுப் பாருங்கள் என்று ரேஞ்சில் (சுடப் பழகும் இடத்தில்) நீட்டுவதும் இதே சிக்கலில்தான் கொண்டுபோய் விடும்.

போட்டியில் இருப்பவை நான்கு: .380, 9 எம்.எம்., .40, .45. நான்குமே செமி ஆட்டோமேடிக் பிஸ்டல் தோட்டாக்கள். .22-ஐச் சேர்க்கவில்லை. சுடப் பழக அதைவிட நல்லது கிடையாது, உதையும் (சுடும்போது துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளுவது) இல்லை, விலையும் இல்லை. ஆனால் .22 போல விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும் ரிம்ஃபயர் தோட்டாக்கள் அவ்வப்போது வெடிக்காமல் போகும். உயிரை நம்பி வைக்க அது போதாது. இன்னும் வலுவான .357, 10 எம்.எம். இரண்டும் கரடி நடமாடும் காட்டுக்குப் போகிறவர்கள் பேச வேண்டிய விஷயம்.

எது அதிகக் காயம் செய்யும் என்ற பழைய சண்டையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமி அருகே வங்கிக் கொள்ளையர் இருவரோடு நடந்த மோதலில் எஃப்பிஐ ஏஜென்ட்கள் இரண்டு பேர் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். கொள்ளையரில் ஒருவன் உடலில் ஆரம்பத்திலேயே பாய்ந்த 9 எம்.எம். குண்டு கையைத் துளைத்து மார்புக்குள் போய், இதயத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்பாக நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான். அன்றிலிருந்து 9 எம்.எம்.முக்குக் கெட்ட பெயர். எஃப்பிஐ முதலில் 10 எம்.எம். பக்கம் போனது, அதன் உதை பலருக்குத் தாங்கவில்லை. அதைக் குறைத்துச் செய்ததுதான் 1990-இல் ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து கொண்டுவந்த .40. நாடு முழுவதும் போலீஸ் துறைகள் அதற்கு மாறின. 1997-இல் எஃப்பிஐயும் மாறியது.

பிறகு நடந்ததைத்தான் .40 கட்சிக்காரர்கள் சொல்லமாட்டார்கள். மயாமிக்குப் பிறகு எஃப்பிஐ ஒரு சோதனை முறையை வகுத்தது: உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை பாய வேண்டும், துணி, பலகை, கண்ணாடி என்று வழியில் எது இருந்தாலும். அந்த அளவைக் குறிவைத்துத் தோட்டா செய்பவர்கள் குண்டுகளைத் திருத்தத் திருத்த, அதிகம் முன்னேறியது 9 எம்.எம்.தான். 2014-இல் எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவு ஒரு குறிப்பு எழுதியது. நல்ல ரக ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள, உடலில் பட்டதும் விரியும் குண்டு) என்றால் 9 எம்.எம். முதல் .45 வரை காயத்தில் கவனிக்கும்படியான வித்தியாசம் இல்லை என்பது அதன் சாரம். அடுத்த ஓரிரு வருடங்களில் எஃப்பிஐ 9 எம்.எம்.முக்கே திரும்பிவிட்டது. எந்தத் தோட்டாவின் தோல்வியால் .40 பிறந்ததோ அதே தோட்டாவுக்கு.

.45 குண்டு விரியும்போது கொஞ்சம் பெரிய ஓட்டை போடும் என்பது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் அதே 2014 குறிப்பில் இன்னொரு கணக்கு இருக்கிறது: உண்மையான மோதல்களில் போலீஸார் சுடுவதில் சராசரியாக 20 முதல் 30 சதவீதம்தான் ஆள் மேல் படுகிறது. பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை. நடுராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுந்து வரும் நமக்கு எப்படி இருக்கும்? குண்டின் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் பேசிக்கொண்டிருப்பதைவிட, இரண்டாவது குண்டு எங்கே போகும் என்று பேசுவது உபயோகம். அதைத் தீர்மானிப்பது உதை.

உதையைப் பொறுத்தவரை எனக்குப் பிடித்த கணக்கு எளிமையானது. குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்குங்கள். வழக்கமான 9 எம்.எம். குண்டு 115 கிரெயின், அதாவது ஏழரை கிராம். வினாடிக்கு ஏறக்குறைய 1,150 அடி. .40-இல் 180 கிரெயின், 980 அடி வாக்கில். .45-இல் 230 கிரெயின், 840 அடி வாக்கில். பெருக்கிப் பார்த்தால் 9 எம்.எம்.மைவிட .40 மூன்றில் ஒரு பங்கு கூடுதல், .45 கிட்டத்தட்ட பாதி கூடுதல். துப்பாக்கியின் எடை ஒன்றாக இருந்தால் கைக்கு வரும் ஆற்றல் இதன் வர்க்கத்தில் ஏறும். க்ளாக் கம்பெனியின் 19-உம் 23-உம் ஒரே அளவு. முதலாவது 9 எம்.எம்., அடுத்தது .40. இரண்டையும் அடுத்தடுத்துச் சுட்டால், .40-இல் கைக்கு வரும் உதை ஒன்றரை மடங்குக்கும் மேல். காகிதத்தில் சின்னதாகத் தெரிந்த வித்தியாசம் கையில் அப்படித் தெரியாது.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. 9 எம்.எம்., .40 இரண்டுக்கும் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்ட். .45-க்கு 21,000 மட்டுமே. அதனால்தான் .45 பெரிய குண்டாக இருந்தும் ஆளை மெதுவாகத் தள்ளுகிறது; .40 சட்டென்று சுண்டுகிறது, மணிக்கட்டில் ஏறுகிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்த க்ளாக் 23-இல் ஒரு மேகசினைக்கூட (தோட்டா நிரப்பும் பெட்டி) என் மனைவி முடிக்கவில்லை. "இதை இனிமே என் கையில குடுக்காதீங்க" என்று வைத்துவிட்டார். அதே நாளில் 1911 என்ற பழைய வடிவ எஃகுப் பிஸ்டலை, அதுவும் .45-ஐ, அவர் சிரித்துக்கொண்டே சுட்டார். 1911 ஒரு கிலோவுக்கும் மேல். க்ளாக் 19 காலியாக ஏறத்தாழ 600 கிராம். காலிபரை மட்டும் வைத்து உதையைப் பேசுபவர்கள் துப்பாக்கியின் எடையை மறந்துவிடுகிறார்கள்.

உதை வலிக்கிறது என்பது மட்டும் பிரச்சினை இல்லை, வலியை யாரும் பொறுத்துக்கொள்ளலாம். உதை வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடுவதுதான் தொல்லை. விசையை அழுத்தும் அந்தக் கணத்தில் கை தானாக முனையைக் கீழே தள்ளும். வலதுகைக்காரர் என்றால் குறி கீழேயும் இடதுபக்கமும் விழும். நமக்கே தெரியாது, துப்பாக்கி சரியில்லை என்று நினைப்போம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: இன்னொருவரை விட்டு மேகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே டம்மி தோட்டா ஒன்றிரண்டைக் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது வெடிக்காது, ஆனால் முனை குதித்துக் கீழே போவது கண்ணெதிரே தெரியும். .40-இல் எனக்கு அது அப்பட்டமாகத் தெரிந்தது. 9 எம்.எம்.மில் கொஞ்சம் பழகியதும் போய்விட்டது. ஒருமுறை இந்தப் பயம் கையில் ஏறிவிட்டால் அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகவே மனசு வராது என்பதுதான் பெரிய நஷ்டம். பெட்டிக்குள் பூட்டி வைத்த துப்பாக்கியால் எந்தக் காலிபராக இருந்தும் பயன் இல்லை. உரிமையாளருக்கு அதை எடுத்துச் சுடும் விருப்பம் இருக்க வேண்டும்.

விலையும் அதே கதைக்குத்தான் வந்து சேர்கிறது. பயிற்சிக்கு வாங்கும் சாதாரணத் தோட்டாவில் 9 எம்.எம்.தான் மலிவு. .40 அதற்கு மேலே, .45 எங்கள் பகுதியில் பெரும்பாலும் ஒன்றரை மடங்கு, சில கடைகளில் அதற்கும் கூட. ஒரே பணத்துக்கு 9 எம்.எம்.மில் 150 சுட்டால் .45-இல் 100. அந்த ஐம்பது எனக்கு ஓட்டையின் அகலத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், 2020-இல் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் பக்கத்துக் கடைகளில் முதலில் காலியான அலமாரி 9 எம்.எம்.முடையதுதான். .40 ஆங்காங்கே கிடைத்துக்கொண்டிருந்தது.

.40-க்கு இன்னொரு நல்ல பக்கமும் இருக்கிறது. போலீஸ் துறைகள் 9 எம்.எம்.முக்குத் திரும்பியபோது அவர்கள் வைத்திருந்த .40 க்ளாக் 22-கள் பழைய துப்பாக்கிச் சந்தையில் கொட்டின. வெளியே உறை தேய்த்த தழும்பு இருக்கும், உள்ளே அதிகம் சுடப்படாததாக இருக்கும். கையில் பணம் குறைவு, உதைக்குக் கவலை இல்லை என்பவருக்கு அதைவிடச் சல்லிசான வழி இல்லை. பின்னால் விற்கப் போனால் அதே காரணத்தால் விலை படியாது.

மேகசினின் கொள்ளளவைப் பற்றி ஒரு வரி போதும்: க்ளாக் 19-இல் 15, அதே அளவு க்ளாக் 23-இல் 13, .45-ஆன க்ளாக் 30-இல் 10. நியூஜெர்சி, கலிஃபோர்னியா போல மேகசினுக்கு 10 தோட்டா என்று வரம்பு வைத்த மாநிலங்களில் இருப்பவர்களுக்கு இந்த வாதமே கிடையாது. அங்கே இருந்திருந்தால் .45-ஐ நானும் இன்னொரு தடவை யோசித்திருப்பேன். நியூஜெர்சியில் ஹாலோ பாயிண்ட்டை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வெளியில் எடுத்துப் போவதற்குக் கட்டுப்பாடு உண்டு என்பதையும் எடிசன் பக்கத்து நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

இனி .380. "பெண்களுக்கு ஏற்றது, சின்னது, உதைக்காது" என்று கடைகளில் இதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். தோட்டா பலவீனமானது என்பது சரி. ஆனால் அதை வைத்துச் செய்யும் துப்பாக்கிகள் பல மிகச் சின்னவை, ரூகர் எல்சிபி 300 கிராம்கூட வராது. அவ்வளவு லேசான பொருளில் அந்தக் குட்டித் தோட்டாவும் விரல்களைக் கடிக்கும். வால்தர் பிபிகே போன்ற பழைய வடிவங்களில் ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) நிறுத்திப் பிடிப்பது அதன் எடையும் விறைப்பான ஸ்பிரிங்கும் மட்டுமே. பின்னால் இழுக்கவும் கஷ்டம், உதையும் கூர்மை. பாயும் ஆழத்திலும் இழுபறிதான்: ஹாலோ பாயிண்ட் விரிந்தால் பல சமயம் 12 அங்குலத்தை எட்டாது, எட்டினால் விரிந்திருக்காது.

ஒரு விதிவிலக்கு சொல்லலாம். மூட்டுவலி உள்ளவர்கள், ஸ்லைடை இழுக்கவே கையில் வலு இல்லாதவர்கள், ஸ்மித் அண்ட் வெஸனின் 380 ஷீல்டு ஈஸியைக் கையில் எடுத்துப் பாருங்கள். 2018-இல் வந்தது. சட்டைப்பைக்குள் போகும் அளவு இல்லை, அதனால் உதையும் நிஜமாகவே குறைவு. நான் அதைக் கடையில் ஸ்லைடு இழுத்துப் பார்த்ததோடு சரி, சுட்டதில்லை. இழுப்பதற்கு அவ்வளவு எளிது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சத்தம், சுவர் இரண்டும் பலர் கேட்பது. .45-இன் 230 கிரெயின் குண்டு ஒலியின் வேகத்துக்குக் கீழே போவதால் 9 எம்.எம்.மின் அந்த வெடுக்கென்ற சத்தம் இருக்காது. அதனால் காதுமூடியைக் கழற்றிவிடலாம் என்று அர்த்தமில்லை. அமெரிக்க வீடுகளின் ஜிப்சம் பலகைச் சுவரை இந்த நான்குமே தாண்டிப் போகும். பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்கும் வீட்டில் காலிபரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. எந்தத் திசையில் சுடலாம், எதில் கூடாது என்பதை வீட்டில் நடந்து பார்த்து முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் மாடிப்படிப் பக்கம் மட்டும்தான் தேறியது.

வாங்கியது க்ளாக் 19. இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவதற்கு இல்லை என்பதால் இன்னும் சின்னதைத் தேடவில்லை. அப்படித் தேடுபவர்களுக்கு சிக் சாவர் கம்பெனியின் பி365 போன்ற குட்டி 9 எம்.எம்.கள் இருக்கின்றன, ஆனால் எடை குறைந்தால் உதை ஏறும் என்ற கணக்கு அங்கேயும் விடாது. பயிற்சிக்கு 115 கிரெயின் சாதாரணத் தோட்டா, பெட்டகத்தில் இருப்பது 124 கிரெயின் ஹாலோ பாயிண்ட். அந்த விலை உயர்ந்த தோட்டாவிலும் சில மேகசின்களைச் சுட்டு, சிக்காமல் உள்ளே ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் வைத்தோம். .45 மேல் ஆசை போகவில்லை. அதற்கு ரேஞ்சில் வாடகை 1911 இருக்கிறது, மனைவியும் மறுப்பதில்லை.