அரானெட்4: கருத்தரங்குக்குக் கிளம்புகிறவர் பையில் ஒரு காற்று மீட்டர்

கொரோனா அலை ஓயாத நாட்களில் வெளியூர் கருத்தரங்குக்கோ, வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்குப் புறத் தேர்வாளராகவோ ஓ.டி. (பணி நிமித்தம் வெளியே போகும் அனுமதி) போட்டுக் கிளம்பியவருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டியலில் முகக்கவசமும் சானிடைசரும் தவறாமல் இருந்தன. போய் உட்காரப்போகிற அறையில் காற்று மாறுகிறதா என்ற கேள்வி மட்டும் இருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சங்கதியை எண்ணாகக் காட்டுவதுதான் லாட்வியாவின் சாஃப் டெக்னிகா நிறுவனம் செய்யும் அரானெட்4. 7 செ.மீ. சதுரம், 2.4 செ.மீ. தடிமன், எடை சுமார் 100 கிராம். சாதாரண ஏ.ஏ. பேட்டரி இரண்டு போதும், சார்ஜர் சுமக்க வேண்டாம். இ-இங்க் திரை என்பதால் வெயிலிலும் எண் பளிச்சென்று தெரியும். ஃபோன் இல்லாமலே வேலை செய்யும். பழைய அளவுகளைப் பார்க்கவும் அமைப்பை மாற்றவும்தான் ஆப்.

இது அளப்பது கிருமியை அல்ல, கரியமில வாயுவை. வெளிக்காற்றில் அது ஏறக்குறைய 420 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் 40,000 பக்கம். அறையில் 800 காட்டினால், உள்ளே இழுக்கும் காற்றில் நூற்றில் ஒரு பங்கு ஏற்கெனவே இன்னொருவர் நுரையீரலுக்குள் போய் வந்தது என்று பொருள். 2,000 என்றால் நூற்றில் நான்கு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று கிடைக்கும் அறையில், உட்கார்ந்திருப்பவர்களை வைத்துக் கணக்கிட்டால், அளவு 900ஐ ஒட்டி நிற்கும். கருவியின் வண்ணப் பட்டையில் 1,000 வரை பச்சை, 1,400 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. பெருந்தொற்று நேரத்துக்கு இந்தப் பச்சை கொஞ்சம் தாராளம்தான். ஆப்பில் 800க்கு இறக்கிக்கொள்வது நல்லது.

நம் ஊரில் இந்தக் கருவி தன் விலையைச் சம்பாதிக்கும் இடம் ஸ்பிளிட் ஏ.சி. அறை. குளுகுளுவென்று இருப்பதால் காற்று நன்றாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. 300 சதுர அடி விருந்தினர் மாளிகை அறையை இறுக மூடி இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் மணிக்கு 400 பி.பி.எம். வரை ஏறும். அறையைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லும் நிர்வாகத்துக்கு இந்த எண்ணைக் காட்டலாம்.

கார் இன்னும் மோசம். நான்கு பேர் ஏறிய டாக்ஸியில், கார் படத்துக்குள் அம்பு வளைந்திருக்கும் அந்த ரீசர்குலேஷன் பொத்தான் எரிந்துகொண்டிருந்தால், கசிவைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் நிமிடத்துக்கு 300 முதல் 400 வரை ஏறும். விமான நிலையத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ச் சேரும் முன் சிவப்பைத் தாண்டியிருக்கும். ஓட்டுநரிடம் சொல்லி அந்தப் பொத்தானை அணைத்து, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் எண் சரசரவென்று இறங்குவதைப் பார்க்கலாம். செலவே இல்லாத பாதுகாப்பு இது.

கருத்தரங்கக் கூடத்தைச் சோதிக்க நல்ல நேரம் தேநீர் இடைவேளை. எல்லோரும் வெளியேறியதும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,420இலிருந்து 790க்கு இறங்க ஒரு மணி நேரம் ஆனால், மணிக்கு ஒரே ஒரு முறைதான் காற்று மாறுகிறது. அதே இறக்கம் பத்து நிமிடத்தில் நடந்தால் ஆறு முறை. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2023இல் சொன்ன அளவு ஐந்து. முதல் வகைக் கூடம் என்றால் என்95ஐக் கழற்றாதீர்கள். மதியச் சாப்பாட்டைத் தட்டோடு வராந்தாவுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

பிழை பெரும்பாலும் வைக்கும் இடத்தில் வருகிறது. சட்டைப் பையிலோ மைக் பக்கத்திலோ வைத்தால் உங்கள் மூச்சையே அளந்து பயமுறுத்தும். ஜன்னலோரம் வைத்தால் பொய்யாகத் தைரியம் சொல்லும். ஆளிடமிருந்து ஐந்து ஆறு அடி தள்ளி, உட்காரும் உயரத்தில் வையுங்கள். அளவெடுக்கும் இடைவெளி 1 முதல் 10 நிமிடம் வரை. பயணத்தில் 1 நிமிடம்தான் சரி, பேட்டரி சீக்கிரம் தீர்ந்தாலும் பரவாயில்லை. அப்படியும் உடனே எதிரொலிக்காது, சில நிமிடம் பொறுக்க வேண்டும். லிஃப்டில் எடுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. கிளம்புமுன் மொட்டை மாடியில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். 420ஐ விட்டு வெகுதூரம் விலகியிருந்தால் அங்கேயே அளவுதிருத்தம் செய்யுங்கள். தானியங்கித் திருத்தத்தை நம்பி எப்போதும் மூடிய அறையில் போட்டுவைத்தால், அந்த அறையின் குறைந்த அளவையே வெளிக்காற்றாக எடுத்துக்கொண்டு குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும்.

விமானத்தில் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பறக்கும்போது 1,200 முதல் 2,000 வரை காட்டுவது சகஜம். ஆனால் பெரிய ஜெட் விமானங்களில் சுழலும் காற்று ஹெபா வடிகட்டி வழியாக வருகிறது. அது கிருமித் துளிகளைப் பிடிக்கும், கரியமில வாயுவைப் பிடிக்காது. ஆக, எண் காட்டும் அளவுக்கு ஆபத்து இல்லை. தரையில் ஏறி அமர்ந்து காற்றோட்டம் சரியாக ஓடாமல் காத்திருக்கும் நேரம்தான் கவலைக்குரியது. தண்ணீர் குடிக்கக்கூட அப்போது முகக்கவசத்தை இறக்க வேண்டாம். அறையில் காற்று சுத்திகரிப்பான் ஓடினாலும் இதே கதைதான். மீட்டருக்கு அது தெரியாது.

விலைதான் உறுத்துகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்காவிலேயே 250 டாலரை ஒட்டி இருந்தது, இறக்குமதி வரி தனி. தனி ஆள் சொந்தக் காசில் வாங்கச் சொல்ல மாட்டோம். துறைக்கு இரண்டு வாங்கி, பயணம் போகிறவர் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகும்படி வைத்தால் கட்டுப்படியாகும். இணையத்தில் மிக மலிவாகக் கிடைப்பவற்றில் பல, கரியமில வாயுவை நேரடியாக அளப்பதே இல்லை. வேறு வாயுக்களை மோப்பம் பிடித்து ஊகித்துச் சொல்கின்றன. வாங்குமுன் விவரத்தில், அகச்சிவப்பு ஒளியால் கரியமில வாயுவை நேரடியாக அளக்கும் என்.டி.ஐ.ஆர். (NDIR) சென்சார் என்று இருக்கிறதா பாருங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், ஒரு சொட்டு சானிடைசரைக் கையில் தேய்த்துப் பக்கத்தில் நீட்டுங்கள். எண் ஆயிரக்கணக்கில் துள்ளினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.